உப்புக்காக வாதாடியவர்கள்

2005ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தேங்க் யூ ஃபார் ஸ்மோக்கிங்’ என்னும் அமெரிக்க அங்கதப் படம், புகையிலை நிறுவனங்களுக்காகப் பேசிப் பிழைக்கும் ஒருவனின் கதை. கிறிஸ்டோபர் பக்லி 1994இல் எழுதிய நாவலைத் தழுவி, ஜேசன் ரைட்மன் இயக்கியது. சிகரெட்டுப் பெட்டியில் மண்டையோட்டுப் படம் பொறிக்கவேண்டும் என்கிறார் ஒரு செனட்டர். உம்முடைய மாநிலத்துப் பாலாடைக்கட்டியும் இதயத்தைக் கெடுக்கிறதே, அதற்கும் பொறிக்கலாமே என்று மடக்குகிறான் நாயகன். நாம் சிரித்துவிடுகிறோம், கேள்வியோ திசைமாறிப் போய்விடுகிறது. ‘லாபி’ என்னும் சொல்லுக்கு முன்கூடம் என்று பொருள். சட்டமியற்றுவோரை மன்றத்தின் முன்கூடத்தில் சந்தித்துத் தம் வணிகத்திற்குச் சாதகமாகப் பேசுவதற்கும் அதுவே பெயராயிற்று.

திரையில் நகைப்பாகத் தோன்றும் இக்கலை, உப்பின் வரலாற்றில் நகைப்பாக இல்லை. புதுச்சேரிக்கு வடக்கே, கழுவெளியை அடுத்து உப்பளங்கள் விரிந்து கிடக்கும் மரக்காணம் மிகத் தொன்மையான ஊர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்பர் அறிஞர். கடல்நீரைப் பாத்தியில் பாய்ச்சி, வெயிலில் காயவிட்டு, வாரி எடுத்துக் குவிக்கும் இத்தொழிலுக்குக் கதிரவன் கூலி கேட்பதில்லை. கூலி கேட்டவன் அரசன். 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் தனியுரிமையாக்கிக்கொண்டது. விளைவித்தவன் தன் உப்பைத் தன் விருப்பப்படி விற்க இயலாதவனானான்.

இங்கிலாந்தின் செஷயர் மாவட்டத்து உப்பு முதலாளிகள் இத்தனியுரிமையை எதிர்த்தனர். லிவர்பூலிலிருந்து கல்கத்தாவுக்குப் போகும் கப்பல்களுக்குப் போதிய சரக்கில்லை. அடிப்பாரமாக உப்பை ஏற்றினால் வண்டி வாடகை போலச் செலவும் குறையும், புதிய சந்தையும் கிடைக்கும். ஆயினும் அவர்கள் நாடாளுமன்றத்தின் முன் வைத்த வாதம் வேறு. கம்பெனியின் தனியுரிமையால் இந்திய ஏழை விலையுயர்ந்த, அழுக்கு உப்பை உண்கிறான். எங்கள் தூய உப்பு அவனை விடுவிக்கும் என்றனர். 1836இல் இந்திய உப்பைப் பற்றி ஆராய நாடாளுமன்றத் தெரிவுக்குழு ஒன்று அமர்ந்தது. பின்வந்த ஆண்டுகளில் லிவர்பூல் உப்பு வங்காளத்தை நிறைத்தது. 1863இல் அங்கே அரசின் உப்புக் காய்ச்சும் தொழில் கைவிடப்பட்டது. உவர்நீரைக் காய்ச்சிப் பிழைத்த மலங்கிகள் தொழிலிழந்தனர்.

தனியுரிமை கொடியது என்ற அவர்கள் கூற்றில் பொய் இல்லை என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். ஏழையின் பெயர் அங்கே உரக்க ஒலித்தது. ஏழைதான் அங்கே இல்லை. வெயிலில் விளையும் மலிவான உப்பு இருந்ததால் நம் கரை வங்காளத்தைப்போல் வீழவில்லை. ஆனால் வரி நீங்கவில்லை. முன்கூடத்தில் நுழைய வழியற்ற மக்கள், 1930 ஏப்ரலில் வேதாரண்யத்தில் இராஜாஜியின் தலைமையில் உப்பை அள்ளியே தம் வழக்கை உரைத்தனர். 1947இல்தான் உப்பு வரி ஒழிந்தது.

நல்ல நோக்கமுள்ள சட்டத்திற்கும் இந்தச் சோதனை உண்டு. அயோடின் குறைவு கழுத்துக் கழலையையும் குழந்தைகளின் அறிவு வளர்ச்சிக் குறைவையும் விளைவிப்பது மறுக்க முடியாத உண்மை. அதன்பொருட்டு, அயோடின் கலவாத உப்பை உணவுக்கென விற்பதற்கு 1998இல் தடை வந்தது, 2000இல் நீங்கியது, 2006இல் மீண்டும் வந்தது. அந்த விதி அன்றைய கலப்படத் தடுப்புச் சட்டத்தின் வரம்பை மீறியது என 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் வேறு விதிகளின் கீழ்த் தடை தொடர்கிறது. நோய் தடுக்கப்படவேண்டும். ஆனால், கலவை இயந்திரம் வாங்க வசதியற்ற சிறு உற்பத்தியாளனின் சொல்லையும் கேட்டபின் சட்டம் செய்வதன்றோ நீதி?

பொருளாதார நலன்கள் பொதுநன்மையை எளிதில் வென்றுவிடுகின்றன, தகவலையும் தமக்கேற்பத் திரித்துவிடுகின்றன என்று 2015இல் ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் எச்சரித்தார். லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில், நேர்மையற்ற நடுவனிடம் ஓயாது சென்று முறையிட்ட கைம்பெண்ணை ஆண்டவர் நமக்குக் காட்டுகிறார். அவளுக்காகப் பேச ஆள் இல்லை; கையில் பொருளும் இல்லை; தன் வழக்கைத் தானே சுமந்து சென்றாள். நம்மை உலகின் உப்பு என்று அழைத்தவரும் அவரே. அவ்வழைப்பை ஏற்ற நாம், ஏழையின் பெயரால் யாரேனும் வாதாடும்போது, அந்த ஏழை எங்கே என்று முதலில் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.