புள்ளிக்கு ஒரு பூட்டு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் வீடுகளைப் பிரித்து அடுக்கி வைத்திருப்பார்கள். நிலை ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம். நாதாங்கி, தாழ்ப்பாள், பித்தளைக் குமிழ், கைப்பிடி, கனத்த சாவிகள் எல்லாம் தனித்தனிக் குவியல். பழைய கைப்பிடி ஒண்ணு மாட்டினா அபார்ட்மென்டுக்கே ஒரு களை வந்துடும் என்று சென்னை, பெங்களூரிலிருந்து வந்து வாங்கிப் போகிறோம். களை வரத்தான் செய்கிறது. ஆனால் இந்தப் பூட்டெல்லாம் யாருக்காகப் போட்டது?

வாசல் பூட்டு திருடனுக்கு, சரி. வீட்டுக்குள்ளே எதற்கு இத்தனை பூட்டு?

நகரத்தார் கணக்கில் கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு 'புள்ளி'. நகரக் கோயிலுக்கு வரி கட்டுவது புள்ளிக் கணக்கில்தான். வீட்டுக்குள்ளும் அதே கணக்கு ஓடியது. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் 'வேறு வைத்து' விடுவார்கள். ஒரே கூரை, ஆனால் தனி அடுப்பு, தனிச் செலவு, வளவு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் அவனுக்கென்று ஒரு பங்கு. பெண் கொண்டுவந்த வெள்ளி, பித்தளை, எனாமல் சாமான்கள் அங்கே இருக்கும். முற்றம் பொது, அறைக்கு மட்டும் பூட்டு. எங்கள் சாஃப்ட்வேர் பாஷையில் அக்சஸ் கன்ட்ரோல். பங்காளிகள் சண்டையில்லாமல் சேர்ந்திருக்க அந்தப் பூட்டு தேவைப்பட்டது.

இந்த ஏற்பாடு ஓட வெளியிலிருந்து பணம் வந்துகொண்டே இருக்கணும். தேக்கும் பணமும் பர்மாவிலிருந்து வந்தன. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழ, கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் வயல்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் அவர்களிடம் இருந்தது, 1938இல் அது 25 சதவீதம். 1942இல் ஜப்பான் படை வந்தது, 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. அங்கே வயலை இழந்தவனின் கோபத்துக்கும் இங்கே களையிழந்த வளவுக்கும் ஒரே கணக்குப் புத்தகம்தான்.

வரவு நின்றது, புள்ளிகள் பெருகின. ஒரு வீட்டுக்கு இப்போது பல ஊர்களில், பல நாடுகளில் பங்குதாரர்கள். படைப்புக்கும் கல்யாணத்துக்கும் கூடுவார்கள். ஓடு மாற்றக் காசு போடச் சொன்னால்தான் சிக்கல். முற்றத்தைப் பத்தாக வெட்டிக்கொள்ள முடியாது. வீட்டைப் பிரித்து விற்றால் பணத்தைப் பங்கு போடலாம்.

அதிலும் பழைய கதவு சுலபமாகப் பெயர்வதில்லை. கீல் கிடையாது, கதவின் குடுமி நிலையின் குழியில் சுழலும். நிலையோடு எடுத்தால்தான் உபயோகம், நம் வாசலுக்கோ அது ரொம்பப் பெரிசு. பித்தளைக் கைப்பிடிக்கு அந்தத் தொல்லை இல்லை, பைக்குள் அடங்கிவிடும்.

2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டுக் கிராமங்கள் சேர்ந்தன. பட்டியலால் பங்காளிகளைக் கையெழுத்துப் போட வைக்க முடியாது.

வாங்காதீங்கன்னு சொல்ல மாட்டேன். இடிந்த வீட்டுப் பித்தளை உருக்குலைக்குப் போவதைவிட உங்கள் கதவில் இருப்பது மேல். விலை பேசும்போது ஒன்று மட்டும் கேளுங்கள்: எந்த ஊர், முகப்புக் கதவா, வளவு அறைக் கதவா? பதில் கிடைத்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அறைக் கதவு என்றால், அது ஏதோ ஒரு புள்ளியின் முழு முகவரி.