ஆசிரியருக்கும் ஆசிரியர் வேண்டும்

விதைநெல்லை உண்டுவிட்டு விளைச்சலுக்குக் காத்திருப்பார் உண்டோ? கலிபோர்னிய மாநிலத்தின் இருமொழிவழிக் கல்வி வரலாறு நம்முன் வைக்கும் வினா இதுவே.

1968ஆம் ஆண்டு அமெரிக்க நடுவண் அரசு இருமொழிக் கல்விச் சட்டம் இயற்றியது. சான் பிரான்சிஸ்கோ நகரில், ஆங்கிலம் அறியாத ஏறத்தாழ 1,800 சீன மாணவர்க்கு மொழியுதவி அளிக்காதது குடிமை உரிமைச் சட்டத்துக்கு முரணானது என 1974இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆசிரியரைப் பயிற்றுவிக்க வல்லாரை உருவாக்கவும் பொதுநிதியிலிருந்து உதவித்தொகை வழங்க அவ்வாண்டுச் சட்டத்திருத்தம் வழிவகுத்தது.

ஆயினும், 1998இல் கலிபோர்னிய வாக்காளர் 227ஆம் முன்மொழிவை ஏற்று, இருமொழி வகுப்புகளைப் பெரிதும் கட்டுப்படுத்தினர். வகுப்புகள் அருகின, அவற்றுக்கு ஆசிரியரை ஆயத்தம் செய்த பல்கலைக்கழகத் துறைகளும் நலிந்தன. 2016இல் 58ஆம் முன்மொழிவு அக்கட்டுப்பாட்டை அகற்றியது. பள்ளிகள் கதவு திறந்தன, கற்பிப்பார் போதவில்லை. அவர்களை உருவாக்கும் பேராசிரியரும் போதவில்லை.

சட்டத்தை ஒருநாள் வாக்கெடுப்பு மாற்றிவிடும். ஒரு பேராசிரியர் உருவாகவோ பல்லாண்டு வேண்டும். பள்ளிக் கட்டடத்துக்கு நிதி கேட்கும் நாம், ஆசிரியரை ஆக்கும் ஆசிரியர்க்கென என்றேனும் கேட்டதுண்டா? அன்பர்களே, விதைநெல்லைக் காப்பதும் உழவே.