பிசியோதெரபியும் கைரோபிராக்டிக்கும்

தசை, மூட்டு, முதுகு வலிகளுக்கு மருந்தும் அறுவையும் இல்லாமல் சிகிச்சை தரும் இரு துறைகள். பிசியோதெரபி தமிழில் இயன்முறை மருத்துவம் எனப்படுகிறது.

பிசியோதெரபிக்குப் பல வேர்கள். பெர் ஹென்ரிக் லிங் 1813இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய உடற்பயிற்சி நிறுவனம் ஒன்று. 1894இல் லண்டனில் செவிலியர் நால்வர் நிறுவிய மசாஜ் சங்கம் மற்றொன்று. போர்க் காயங்களும் போலியோவும் பிசியோதெரபியை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தன. கைரோபிராக்டிக்கோ ஒரே மனிதரிடம் பிறந்தது. அமெரிக்காவின் டாவன்போர்ட் நகரில், காந்த சிகிச்சை செய்துவந்த டேனியல் டேவிட் பால்மர் 1895இல் ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்ததாகவும், அவருக்குக் காது கேட்கத் தொடங்கியதாகவும் சொன்னார். ஆனால் செவி நரம்பு மூளையிலிருந்து நேரே காதுக்குப் போவது. முதுகுத்தண்டு வழியாக அல்ல. முதுகெலும்பு விலகுவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்ற பால்மரின் கொள்கைக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. இன்றைய கைரோபிராக்டர்களில் பலர் அதைக் கைவிட்டு, முதுகு, கழுத்து வலியோடு நின்றுகொள்கிறார்கள்.

சிகிச்சை முறையிலும் வேறுபாடு தெரியும். கைரோபிராக்டர் நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்காலை மடக்கி, தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் இடுப்பருகே சட்டென்று அழுத்துவார். ‘டக்’கென்று சத்தம் கேட்கும். எலும்பு இடத்தில் உட்கார்ந்த சத்தமல்ல அது. மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாவதால் வருவது. விரலில் நெட்டி முறிப்பதும் இதே சங்கதிதான். பிசியோதெரபிஸ்டும் கையால் மூட்டை அசைப்பதுண்டு. ஆனால் அவர் பெரிதும் நம்புவது பயிற்சியை: குப்புறப் படுத்து, இடுப்பைத் தூக்காமல், கைகளை ஊன்றி மார்பை மட்டும் உயர்த்தும் மெக்கன்ஸி பயிற்சி போன்றவை. வீட்டிலும் தினமும் செய்ய வேண்டும். பலர் நழுவவிடுவது இங்கேதான்.

எது மேல்? சியாட்டில் ஆய்வாளர் டேனியல் செர்கின் குழு 1998இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. இடுப்பு வலிக்காரர்கள் 321 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கைரோபிராக்டிக், ஒரு பிரிவுக்கு மெக்கன்ஸி முறை பிசியோதெரபி, மூன்றாவது பிரிவுக்கு வெறும் கையேடு கொடுத்தார்கள். இரு சிகிச்சைகளின் பலனும் ஏறத்தாழ ஒன்றே. கையேட்டைவிடச் சற்றே மேல், அவ்வளவுதான். செலவு மட்டும் கையேட்டைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். பலன் சமமென்றால், வலி மீண்டும் வந்தால் தானே கையாளக் கற்றுத்தரும் பிசியோதெரபியை முதலில் நாடுவதே லாபம். அறுவைக்குப் பிந்தைய மீட்சி, பக்கவாதம், தோள் இறுக்கம் என்றால் போட்டியே இல்லை.

கைரோபிராக்டர் கழுத்தைத் திருப்பி நெட்டி முறிப்பதில் அபூர்வமாகக் கழுத்துத் தமனி கிழிந்து பக்கவாதம் வந்ததாகப் பதிவுகள் உண்டு. தமனி ஏற்கெனவே கிழிந்ததால் வந்த கழுத்துவலிக்கே சிலர் சிகிச்சைக்குப் போயிருக்கலாம் என்பதால் இதில் விவாதம் தொடர்கிறது. எலும்புத் தேய்மானம் மிகுந்தவர்களுக்கும் சட்டென்ற அழுத்தம் ஆகாது. சிறுநீர் கட்டுப்படாமல் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, கால் பலமிழந்துகொண்டே வருவது, வலியோடு காய்ச்சல் ஆகியவை இருந்தால் இரண்டுமே வேண்டாம், நேரே மருத்துவமனைதான்.

இந்தியாவில் பிசியோதெரபி பட்டப்படிப்பாக உள்ளது; 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்துக்குள்ளும் வருகிறது. கைரோபிராக்டிக்குக்குத் தனிச் சட்டம் இல்லை. பலகையில் அப்பெயரைப் போட்டிருப்பவர் எங்கே, எத்தனை ஆண்டு படித்தார் என்று கேட்டுக்கொள்வது நோயாளியின் பாடு.