கவிழ்ந்த தொட்டி, கவிழாத செடி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வீட்டுத் தாழ்வாரங்களிலும் அடுக்ககப் பால்கனிகளிலும் 21ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் பெருகிய தலைகீழ்த் தொட்டி, மண்ணை மேலேயும் செடியைக் கீழேயும் வைக்கும் எளிய அமைப்பாகும். அடியில் துளையிட்ட ஒரு வாளி கொக்கியில் தொங்க, அத்துளை வழியே தக்காளிச் செடி வெளியே தலைநீட்டி வளரும். இயற்கையைக் கவிழ்த்துப் போட்ட விந்தையாகவே இது பெரிதும் பேசப்பட்டது. ஆயினும் செடியின் இயல்பையும் தக்காளியின் பிறப்பையும் சேர்த்து நோக்கினால், இங்கே கவிழ்ந்தது செடியன்று, தோட்டக்காரரின் பழக்கமே என்பது புலனாகும்.

வேர் கீழேயும் தண்டு மேலேயும் செல்வது ஏன் என்ற வினாவுக்குச் சோதனை வழியே விடை தேடியவர்களுள் முன்னோடி, இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயர் வட்டாரத்தைச் சேர்ந்த தாமஸ் ஆண்ட்ரூ நைட். தோட்டத்து நீரோடையால் சுழலும் சக்கரம் ஒன்றில் ஊறவைத்த அவரை விதைகளைக் கட்டி, அச்சக்கரத்தை நிமிடத்துக்கு 150 சுற்றுகள் வரை ஓடவிட்டபோது, வேர்கள் சக்கரத்தின் வெளிப்புறம் நோக்கியும் முளைக்குருத்துகள் அதன் மையம் நோக்கியும் வளர்ந்ததை அவர் கண்டு, 1806இல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியிட்டார். ஈர்ப்பு விசையின் இடத்தில் வேறொரு விசை அமர்ந்தால் செடி அதற்கேற்பத் திசை மாறும் என்பது இதனால் உறுதியாயிற்று. இவ்வியல்பே பின்னாளில் புவிசார்பசைவு, அதாவது புவியீர்ப்பை உணர்ந்து வளர்திசையைத் திருத்திக்கொள்ளும் அசைவு, எனப்பட்டது. சார்லஸ் டார்வின் தம் மகன் பிரான்சிசுடன் சேர்ந்து 1880இல் வெளியிட்ட தாவர அசைவு பற்றிய நூல், இவ்வுணர்வு வேரின் நுனியில் இருப்பதை எடுத்துக்காட்டியது. 1920களில் ஃபிரிட்ஸ் வென்ட் ஓட்ஸ் முளைகளைக் கொண்டு நடத்திய சோதனைகள் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கியை அடையாளம் காண வழி செய்தன. சாய்ந்து கிடக்கும் தண்டின் அடிப்பக்கத்தில் ஆக்சின் மிகுந்து சேர, அப்பக்கத்துச் செல்கள் கூடுதலாக நீள்வதால் தண்டு மேல்நோக்கி வளைகிறது. தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட தக்காளி நாற்று விரைவிலேயே நுனியைத் தூக்கித் தூண்டில்முள் போல வளைவதற்கு இதுவே காரணம்.

இவ்வுண்மையைப் பெரிய அளவில் மக்கள் பார்வைக்கு வைத்தது ஒரு கலைப்படைப்பு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த் ஆடம்ஸ் நகரில் 1999இல் திறக்கப்பட்ட மாஸ் மோகா அருங்காட்சியகத்தின் முற்றத்தில், நடாலி ஜெரெமிஜென்கோ ஆறு மேப்பிள் மரங்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டார். அவற்றின் கிளைகள் நாளடைவில் வளைந்து வானை நோக்கித் திரும்பின.

மேப்பிளைப் போல நிமிர்ந்து நிற்கும் மரமன்று தக்காளி. தென்னமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வளரும் அதன் காட்டு உறவுகள் மெலிந்த தண்டுடன் தரையில் படர்ந்தும் புதர்களின் மேல் சாய்ந்தும் வாழ்பவை. மெக்சிகோவில் பயிர்செய்யப்பட்டு, 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா சென்ற பிறகும் அச்செடி தன் தளர்ச்சியை விடவில்லை. காய் கனக்கக் கனக்கச் சாயும் தண்டுக்கு முட்டுக்குச்சியும் கம்பிக்கூண்டும் கொடுத்து நிமிர்த்தியது, குறுகிய இடத்தில் மண் படாத காயை விரும்பிய மனிதரின் தேவையே. எனவே தண்டைத் தொங்கவிடும் முறை, முட்டுக்கொடுக்கும் முறையைவிடத் தக்காளியின் பழைய வாழ்க்கைக்கு நெருக்கமானது எனலாம்.

இம்முறைக்கு வேண்டிய ஆர்வத்தை அமெரிக்காவின் வீட்டுத்தோட்ட மரபு முன்பே வளர்த்திருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெற்றித் தோட்டங்கள் என்ற பெயரில் ஏறத்தாழ 2 கோடி வீட்டுத் தோட்டங்கள் எழுந்ததாக மதிப்பிடப்பட்டது. போருக்குப் பின் அவ்வேகம் தணிந்தாலும், அடுக்ககங்களில் குடியேறியோர் தரையின்றிப் பயிரிடும் வழிகளைத் தேடினர். பெயிண்ட், ஊறுகாய், சுவர்ப்பூச்சு ஆகியவை அடைத்துவரும் ஐந்து காலன், அதாவது சுமார் 19 லிட்டர், பிளாஸ்டிக் வாளி ஏறக்குறைய இலவசமாகக் கிடைத்ததால் அதுவே தொட்டியாயிற்று. 2000களின் நடுவில் 'டாப்ஸி டர்வி' என்ற துணிப்பை வடிவத் தொட்டி தொலைக்காட்சி விளம்பரங்களின் வழியே நாடெங்கும் விற்பனையானது; பொருளாதார மந்தநிலை நிலவிய 2009இல் வெள்ளை மாளிகையின் தெற்குப் புல்வெளியில் மிஷெல் ஒபாமா காய்கறித் தோட்டம் அமைத்ததும் வீட்டுப் பயிரின் மீதான நாட்டத்தைக் கூட்டியது.

வீட்டிலேயே செய்வோரின் கைமுறை எளியது. வாளியை இரு நாற்காலிகளுக்கிடையே நிறுத்தி, அடியில் இரண்டு அங்குலத் துளையிட்டு, நாற்றின் வேரைச் சுற்றிய மண்கட்டியைக் கீழிருந்து மெல்ல உள்ளே நுழைப்பர்; நடுவரை கீறிய ஸ்பாஞ்சுத் துண்டைத் தண்டைச் சுற்றி வைத்து மண் உதிராமல் துளையை அடைப்பர்; பின்னர் மேலிருந்து மண்கலவையை நிரப்புவர். தோட்டத்து மண் நனைந்தால் கனம் தாங்காது என்பதால் கரிநிலப் பாசியும் மக்கிய உரமும் கலந்த இலகுவான கலவையே விரும்பப்பட்டது. அப்பாசியை வெட்டியெடுப்பதால் சதுப்புநிலங்கள் அழிவதை எதிர்த்துக் குரல் எழுந்தபின், பொள்ளாச்சியிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஏற்றுமதியாகும் தென்னை நார்த்துகள் அதன் மாற்றாக இடம்பிடித்தது. வாளியின் திறந்த மேற்பரப்பில் துளசியினக் கீரையையோ லெட்யூசையோ விதைத்து, ஒரே தொட்டியில் இரு பயிர் கண்டோரும் உண்டு.

நன்மைகள் உண்மையானவையே: முட்டுக்குச்சி தேவையில்லை, நாற்றின் அடியை அறுக்கும் வெட்டுப்புழு எட்டாது, புதிய கலவையை நிரப்புவதால் பழைய தோட்டமண்ணில் தங்கியிருக்கும் வாடல் நோய்க் கிருமிகளும் நூற்புழுக்களும் அண்டுவது அரிது. ஆனால் காற்றும் வெயிலும் எல்லாப் பக்கமும் படும் வாளி கோடையில் நாள்தோறும், சில வேளை இருமுறையும், நீர் கேட்கும். நீர் தவறினால் கால்சியம் காய்க்குச் சேராமல் அதன் அடிமுனை கறுத்து அழுகும். கூடுதலாக ஊற்றினாலோ, துளைவழி வடியும் நீர் இலைகளை நனைத்துப் பூசண நோயை அழைக்கும். வாளியின் நிழல் செடியின் மீதே விழுவதும், நனைந்த மண்ணின் கனத்தால் கொக்கி பெயர்வதும் பலரைத் தரையிலுள்ள தொட்டிக்குத் திருப்பின.

ஆகவே இக்கருவியின் வரலாற்றில் இரு இழுபறிகள் ஒன்றுசேர்கின்றன. ஆக்சின் தண்டை மேலே தூக்குகிறது; காய்த்த குலையின் எடை அதைக் கீழே இழுக்கிறது. நைட்டின் சக்கரத்தில் கண்ட அதே இயல்பு தாழ்வாரத்து வாளியிலும் வேலை செய்ய, செடி தன் மேல்திசையை ஒருநாளும் மறக்கவில்லை. நாள்தோறும் ஏணி வைத்து ஏறி, தலைக்குமேல் பூவாளியைத் தூக்கி நீரூற்ற வேண்டியிருந்தவர் தோட்டக்காரரே.