செயற்கைச் சிறுநீரகம் சிங்கப்பூருக்கு வந்த வரலாறு

முதுகெலும்பின் இரு மருங்கிலும் அவரை விதையின் வடிவில் அமைந்துள்ள சிறுநீரகங்கள் நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தைக் குருதியிலிருந்து வடித்தெடுக்கின்றன; அதில் ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராகக் கழித்துவிட்டு, எஞ்சியதை மீண்டும் குருதியிலேயே சேர்த்துவிடுகின்றன. இவ்விரண்டும் முற்றும் செயலிழந்தால் யூரியா முதலிய கழிவுகள் உடலில் தேங்கும். பொட்டாசியம் மிகுந்து இதயத்தின் துடிப்பைக் குலைக்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அத்தகைய நோயாளியின் அருகில் அமர்ந்து, சில நாள்களிலோ சில வாரங்களிலோ நேரவிருக்கும் முடிவை எதிர்நோக்குவதைத் தவிர மருத்துவரால் செய்யக்கூடியது வேறொன்றுமில்லை.

குருதியை உடலுக்கு வெளியே எடுத்துத் தூய்மை செய்து மீண்டும் உடலுக்குள் செலுத்தலாம் என்னும் எண்ணத்திற்கு வித்திட்டவர் மருத்துவர் அல்லர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாமஸ் கிரகாம் என்னும் வேதியியலறிஞர். நுண்துளைகளுள்ள ஒரு சவ்வின் ஒருபுறம் கரைசலையும் மறுபுறம் தூய நீரையும் வைத்தால், உப்பு, யூரியா போன்ற சிறு துகள்கள் சவ்வைக் கடந்து செல்லும் என்பதையும், பசை போன்ற பெருந்துகள்கள் கடவாமல் தங்கிவிடும் என்பதையும் அவர் 1861-இல் விளக்கினார். இதற்கு அவர் இட்ட பெயரே டயாலிசிஸ். கிரேக்க மொழியில் பிரித்து அவிழ்த்தல் என்பது அதன் பொருள். தமிழில் ஊடுபிரித்தல், கூழ்மப்பிரிப்பு என்றெல்லாம் ஆக்கச்சொற்கள் தோன்றியுள்ளன. எனினும் சிங்கப்பூர்த் தமிழரிடையே 'இரத்தச் சுத்திகரிப்பு' என்பதே நிலைத்துவிட்டது. துல்லியம் சற்றுக் குறைந்ததாயினும் கேட்ட மாத்திரத்தில் பொருள் விளங்குவதால், அச்சொல்லைக் குறைகூறுவதற்கில்லை.

1913-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான் ஏபெல் என்பவரும் அவருடைய துணைவரும் நாய்களின் குருதியைச் சவ்வுக்குழாய்களின் வழியே ஓடவிட்டு, இம்முறை உயிருள்ள உடலிலும் பயன்படும் என்று காட்டினர். குழாயினுள் குருதி உறைந்துவிடாதிருக்க அவர்கள் நாடிய பொருள் அட்டையின் தலையிலிருந்து எடுக்கப்பட்ட ஹிருடின். அட்டைவிடுதல் என்பதைச் சித்த மருத்துவத்தின் ஒரு முறையாக அறிந்த தமிழருக்கு இச்செய்தி வியப்பளிக்காது. 1924-இல் ஜெர்மனியின் கீசன் நகரில் ஜார்ஜ் ஹாஸ் முதன்முதலாக மனிதருக்கு இச்சிகிச்சையைச் செய்தார். ஆயினும் அம்முயற்சிகள் சிறு அளவின. எவருடைய உயிரையும் அவை காக்கவில்லை.

உயிரைக் காத்த கருவி, ஹிட்லரின் படைகள் ஆக்கிரமித்திருந்த ஹாலந்து நாட்டில், காம்பன் என்னும் சிறு நகரில், 1943-இல் உருவாயிற்று. அதை அமைத்தவர் வில்லெம் கோல்ஃப் என்னும் இளம் மருத்துவர். போர்க்காலத்தில் பொருள் தட்டுப்பாடு. ஆகவே இறைச்சிப் பண்டங்களுக்கு உறையாகப் பயன்பட்ட செலோபேன் குழாயை ஓர் உருளையைச் சுற்றி வளைத்து, உப்புநீர் நிரம்பிய எனாமல் தொட்டியில் அவ்வுருளை சுழலுமாறு செய்தார். நோயாளியின் குருதி அக்குழாயினுள் ஓடும்போது கழிவுகள் நீரில் கலந்துவிடும். உறைதலைத் தடுக்க அட்டை தேவைப்படவில்லை. ஹெப்பாரின் என்னும் மருந்து அதற்குள் கிடைத்துவிட்டது.

முதலில் சிகிச்சை பெற்றோருள் ஏறக்குறைய எல்லாருமே மாண்டனர். பதினைந்து தோல்விகளுக்கு மேலும் ஒருவர் தளராதிருந்தார் என்பதை மாணவர் கருத்தில் கொள்ளல் வேண்டும். 1945 செப்டம்பரில், நினைவிழந்த நிலையில் கொண்டுவரப்பட்ட 67 வயதுப் பெண்மணி ஒருவர் கண் விழித்தார். அதன்பின் மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் நாஜிகளுக்கு ஆதரவாக இருந்தமையால் சிறைவைக்கப்பட்டிருந்தவர்; ஊரார் வெறுத்தவர். கோல்ஃபோ அவருடைய குருதியின் நிலையை ஆராய்ந்தாரேயன்றி அவருடைய தகுதியை ஆராயவில்லை.

தகுதியை ஆராயும் காலம் பின்னர் வந்தது. கோல்ஃபின் கருவி, சிறுநீரகம் தற்காலிகமாகப் பழுதுபட்டோருக்கே பயன்பட்டது. ஒவ்வொரு முறையும் இரத்தக்குழாயை அறுத்துத் திறக்க வேண்டியிருந்ததால், ஆண்டுக்கணக்கில் அதைத் தொடர இயலவில்லை. 1960-இல் சியாட்டில் நகரின் பெல்டிங் ஸ்கிரிப்னர், டெஃப்லான் குழாயொன்றைக் கையில் நிலையாகப் பொருத்தி இத்தடையை நீக்கினார். அதனால் முதற்பயன் பெற்றவர் பதினோராண்டுகள் வாழ்ந்தார். ஆனால் கருவிகளோ சில. நாடி வந்தோரோ பலர். ஆகவே எவர் பிழைப்பது, எவர் மாய்வது என்பதை முடிவு செய்ய ஒரு குழு அமைக்கப்பட்டது. சமயகுரு, வழக்கறிஞர், வங்கியாளர், இல்லத்தரசி, தொழிற்சங்கத் தலைவர் எனப் பலரும் அதில் இருந்தனர். அவர்கள் வயதை நோக்கினர், வருவாயை நோக்கினர், குடும்பத்தையும் கோயில் வழிபாட்டையும்கூட நோக்கினர். 1962-இல் ஒரு வார இதழ் இதனை வெளிப்படுத்தியபோது அமெரிக்க மக்கள் அதிர்ந்தனர். அந்நாட்டு நாடாளுமன்றம் சிறுநீரக நோயாளரின் செலவை அரசே ஏற்கச் சட்டம் செய்தது 1972-இல்தான்.

இதே வினா சிங்கப்பூரிலும் எழாதிருக்க வழியில்லை. 1961-இல் ஊட்ரம் சாலைப் பொது மருத்துவமனையில் இங்கு முதல் இரத்தச் சுத்திகரிப்பு நடைபெற்றது. அப்பணியில் முன்னின்ற பேராசிரியர் கூ ஊன் டெய்க், சிகிச்சை கிட்டாமல் மடிவோரைக் கண்டு, 1969 ஏப்ரல் 7-ஆம் நாள் தேசிய சிறுநீரக அறநிறுவனத்தைத் தோற்றுவித்தார். அம்மருத்துவமனையின் மச்சு அறையொன்றே அதன் முதல் இருப்பிடம். அடுத்த ஆண்டு, 1970 ஜூலையில், இறந்தவர் ஒருவரின் சிறுநீரகம் முதன்முறையாக இங்கு மற்றொருவருக்குப் பொருத்தப்பட்டது. தமிழகத்தின் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி சிறுநீரக மாற்றில் வெற்றி எய்தியது 1971-இல். 1987-இல் இயற்றப்பட்ட மனித உறுப்பு மாற்றுச் சட்டம், உயிரோடிருக்கும்போது மறுப்புத் தெரிவிக்காதோரின் சிறுநீரகங்களை, அவர்கள் விபத்தில் இறப்பின், எடுத்துக்கொள்ள வழிவகுத்தது. அச்சட்டத்திற்கு அப்பாற்பட்டிருந்த முஸ்லிம்களும் 2008-இல் அதனுள் சேர்க்கப்பட்டனர்.

அறநிறுவனம் 1980-களில் தொடங்கித் தனக்கெனச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தது. பின்னர் அவற்றை வீடமைப்புப் பேட்டைகளின் கீழ்த்தளங்களுக்கே கொண்டுசென்றது. 2005 ஜூலையில் அதன் நிதி நிர்வாகம் பற்றிய உண்மைகள் நீதிமன்றத்தில் வெளிப்பட்டு, நிர்வாகக் குழு முழுவதும் பதவி விலகியது. நன்கொடையாளர் பலர் சினந்து பின்வாங்கினர். அச்சினத்தில் நியாயம் உண்டு. ஆயின் நோயாளியின் குருதி அந்நியாயம் தீரும்வரை காத்திராது. கருவிகள் அவ்வாரமும் ஓடியே ஆகவேண்டியிருந்தது.

தேக்காவில் தொடங்கும் சிராங்கூன் சாலை, மேல் சிராங்கூன் சாலையாக நீண்டு சென்றடையும் வடகிழக்குப் பகுதியில் கங்கார் என்னும் மீனவர் கிராமம் இருந்தது. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். முதற்கருவி ஊட்ரத்தில் இயங்கிய நாளில், கங்காரில் ஒருவர் நோயுற்றிருந்தால் தீவின் மறுகோடிக்கே சென்றிருக்க வேண்டும். அப்பகுதியே இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த செங்காங். 2018 ஆகஸ்டில் அங்குப் பொது மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது.

தொலைவு குறைந்தது, நோயோ குறையவில்லை. சிங்கப்பூரில் சிறுநீரகம் செயலிழப்பதற்குத் தலையாய காரணம் நீரிழிவு. 2010-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நீரிழிவுடையோர் சீனரில் நூற்றுக்கு 9.7, மலாய்க்காரரில் 16.6, இந்தியரில் 17.2. இக்கடைசி எண்ணைத் தமிழ் வகுப்பறைகளில் ஒருமுறையேனும் கரும்பலகையில் எழுதிக் காட்டுதல் தகும்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என மருத்துவத்திற்கு நான்கு கூறுகளை வகுத்துள்ளது. இந்நோயில் நான்காம் கூறே பெருஞ்சுமை தாங்குகிறது. வாரத்திற்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம், ஊசி செருகிய கையை அசைக்காமல் நோயாளி சாய்ந்திருக்க வேண்டும். ஒரு தடவைக்கு நூறு லிட்டருக்கு மேற்பட்ட நீர் செலவாகும். வீட்டிலோ உப்பும் ஊறுகாயும் குறைக்கப்பட வேண்டும். நோயாளிக்கு நல்லதென்று அன்போடு வாங்கிவரும் இளநீரும் வாழைப்பழமும் பொட்டாசியம் மிகுந்தவையாதலால் தீங்காகக்கூடும். குடிக்கும் நீரையும் அளந்தே குடிக்க வேண்டும். இவற்றையெல்லாம் தமிழ் மட்டுமே அறிந்த முதியவருக்கு விளங்க எடுத்துரைப்பவர் பெரும்பாலும் பேரனோ பேத்தியோதான்.