சன்ரைஸ் (1927): ஒரு மௌனப்படம் உருவான கதை

'சன்ரைஸ்' 1927ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த மௌனப்படம். கணவன் மனைவி காதலைப் பொருளாகக் கொண்டது. 'இரு மனிதரின் பாடல்' என்று பொருள்படும் துணைத்தலைப்பும் இதற்கு உண்டு. ஜெர்மானிய இயக்குநர் எஃப். டபிள்யூ. முர்னாவ் அமெரிக்காவில் எடுத்த முதல் படம் இது. ஃபாக்ஸ் நிறுவனம் தயாரித்தது. ஜார்ஜ் ஓ'பிரையன், ஜேனட் கேனர், மார்கரெட் லிவிங்ஸ்டன் ஆகியோர் நடித்தனர். பேசும்படம் வந்து மௌனப்படத்தை ஓரங்கட்டுவதற்குச் சில நாட்களே இருந்தபோது, பேச்சில்லாமல் எவ்வளவு சொல்ல முடியும் என்பதைக் காட்டிய படம் என்று இதனைக் கூறலாம்.

கதை

படத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. கணவன், மனைவி, நகரத்துப் பெண் என்றே குறிக்கப்படுகின்றனர். ஏரிக்கரைக் கிராமத்து உழவன் ஒருவன், விடுமுறையைக் கழிக்க வந்த நகரத்துப் பெண்ணிடம் மயங்குகிறான். மனைவியைப் படகில் அழைத்துச் சென்று நீரில் மூழ்கடித்துவிடு, விபத்து என்று சொல்லிக்கொள்ளலாம், நீ மட்டும் நாணல் கட்டைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்துவிடலாம் என்று அவள் வழி சொல்லிக்கொடுக்கிறாள். நடு ஏரியில் அவன் எழுந்து நிற்கிறான். மனைவி கைகூப்பி மன்றாடுகிறாள். அவனால் முடியவில்லை. கரை சேர்ந்ததும் அவள் இறங்கி ஓடி ஒரு டிராம் வண்டியில் ஏறுகிறாள். அவனும் பின்னாலேயே ஏறிக்கொள்கிறான். வண்டி நகரத்துக்குப் போகிறது. தன்னைக் கொல்ல வந்தவனை அவள் மன்னிப்பதும், இருவரும் மீண்டும் காதலர் ஆவதும் அந்த ஒரே நாளில் நடக்கின்றன. திரும்பி வரும்போது புயல் அடிக்கிறது. கொலைக்காகக் கொண்டுவந்த அதே நாணல் கட்டை மனைவியின் உடலில் கட்டிவிடுகிறான். படகு கவிழ்கிறது. அவள் இறந்துவிட்டாள் என்று கிராமமே நம்பிய பிறகு உயிருடன் மீட்கப்படுகிறாள். பொழுது விடிகிறது.

மூலக்கதையின் முடிவு வேறு. ஜெர்மானிய எழுத்தாளர் ஹெர்மான் சூடர்மான் 1917இல் வெளியிட்ட லித்துவேனியக் கதைகள் தொகுதியில் உள்ள 'டில்சிட் பயணம்' என்ற கதையே இதற்கு மூலம். அதில் கணவனைக் கெடுப்பவள் அவன் வீட்டிலேயே வேலை செய்யும் பெண். இறுதியில் மனைவி பிழைக்கிறாள், கணவன் மூழ்கிப் போகிறான். திருந்தியவனுக்கும் தண்டனை உண்டு என்பது சூடர்மானின் கணக்கு. திரைக்கதை எழுதிய கார்ல் மேயர் அந்த முடிவை மாற்றினார். வேலைக்காரியின் இடத்தில் நகரத்துப் பெண்ணை வைத்தார். மூலத்தின் முடிவுதான் வலிமையானது என்று கருதுவோர் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் மேயரின் கதை தண்டனையைப் பற்றியது அன்று, மன்னிப்பைப் பற்றியது. மன்னிப்பைப் பேச்சின்றிப் பார்வையாளர் நம்பும்படி காட்டுவது எப்படி என்பதே படக்குழுவின் முன்னிருந்த சிக்கல்.

முர்னாவ் ஹாலிவுட்டுக்கு வந்தது

முர்னாவின் இயற்பெயர் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் பிளம்பே. முர்னாவ் என்பது பவேரியாவில் உள்ள ஓர் ஊரின் பெயர். அதையே தம் பெயராக வைத்துக்கொண்டார். முதல் உலகப் போரில் விமானியாக இருந்தவர். 1922இல் 'நாஸ்ஃபெராட்டு' என்ற திகில் படத்தை எடுத்தார். 1924இல் வந்த 'கடைசி மனிதன்' அவருக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. பெரிய ஹோட்டல் ஒன்றின் வாயிற்காவலர் தம் சீருடையை இழக்கும் கதை அது. கதையை விளக்கும் எழுத்து அட்டைகள் அதில் ஏறத்தாழ இல்லவே இல்லை. கேமராவை ஒளிப்பதிவாளர் தம் உடலில் கட்டிக்கொண்டு நடந்து படம்பிடித்தார். அதற்கும் திரைக்கதை கார்ல் மேயர்தான்.

ஃபாக்ஸ் நிறுவனத்தின் உரிமையாளர் வில்லியம் ஃபாக்ஸ் தம் நிறுவனத்துக்குக் கலைப்பெருமை தேடிக்கொண்டிருந்தார். முர்னாவை அழைத்து, விரும்பியபடி படம் எடுக்கலாம் என்று பணத்தையும் உரிமையையும் கொடுத்தார். அன்றைய ஹாலிவுட்டில் இப்படிப்பட்ட உரிமை வேறு எந்த வெளிநாட்டு இயக்குநருக்கும் எளிதில் கிடைத்ததில்லை. முர்னாவ் 1926இல் அமெரிக்கா வந்தார். கலை இயக்குநர் ரோகஸ் கிளீசேயும் ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்தார். மேயர் மட்டும் வரவில்லை. ஊரிலிருந்தபடியே திரைக்கதையை எழுதி அனுப்பினார்.

ஒளிப்பதிவை சார்லஸ் ரோஷர், கார்ல் ஸ்ட்ரஸ் என்ற இருவர் ஏற்றனர். ரோஷர் ஹாலிவுட்டில் பெயர்பெற்றவர்; முர்னாவ் 'ஃபாஸ்ட்' படம் எடுத்த காலத்தில் பெர்லினில் இருந்து அவர் வேலைமுறையை நேரில் பார்த்தவர். ஸ்ட்ரஸ் புகைப்படக் கலையிலிருந்து சினிமாவுக்கு வந்தவர்.

ஊரும் நகரமும்

கிராமம் கலிபோர்னியாவின் ஏரோஹெட் ஏரிக்கரையில் கட்டப்பட்டது. நகரம் ஃபாக்ஸ் நிறுவன வளாகத்தில் எழுப்பப்பட்டது. அந்த நகரம் உண்மையில் தோற்றமளித்த அளவுக்குப் பெரியதன்று. கண்ணை ஏமாற்றும் கணக்கில் கட்டப்பட்டது. முன்னால் உள்ளவை இயல்பான அளவில் இருக்க, பின்னால் போகப்போகக் கட்டடங்களும் விளக்குகளும் சிறுத்துக்கொண்டே போகும். பின்புறத்தில் நடமாடக் குள்ளமானவர்களை நிறுத்தினர். கேமராவின் வழியே பார்க்கும்போது வீதி முடிவில்லாமல் நீள்வதுபோல் தெரிந்தது. கணினி வரைகலைக்குப் பழகிய இன்றைய மாணவர்கள், இதெல்லாம் தச்சர்களும் ஓவியர்களும் செய்த வேலை என்பதை நினைவில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இரவில் கணவன் நகரத்துப் பெண்ணைச் சந்திக்கச் சதுப்பு நிலத்தில் நடந்து செல்லும் காட்சி சினிமா வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. சதுப்பு நிலமும் நிலவும் அரங்குக்குள் செய்யப்பட்டவை. மேலே தண்டவாளம் அமைத்து அதிலிருந்து கேமராவைத் தொங்கவிட்டனர். கேமரா அவனைத் தொடர்ந்து மிதந்து செல்கிறது. அவன் வேலியைத் தாண்டுகிறான், மரங்களைச் சுற்றி வளைகிறான். பின் கேமரா அவனை விட்டு விலகி, புதர்களை ஊடுருவி, அவனுக்கு முன்பே அந்தப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அவன் மனம் உடலுக்கு முன்னே ஓடுகிறது என்பதை ஒரு சொல்கூட இல்லாமல் சொல்லியாயிற்று.

நடிப்பிலும் இதே வழிதான். ஓ'பிரையன் கட்டுமஸ்தான உடல்வாகு கொண்டவர். ஜான் ஃபோர்டின் படத்தில் குதிரையேறி நடித்தவர். அவர் நடையில் குற்றத்தின் பாரம் தெரிய வேண்டும் என்பதற்காகக் காலணிகளில் ஈயம் வைக்கப்பட்டது. முதுகு கூனி, காலை இழுத்து அவர் நடப்பது இதனால்தான். ஜேனட் கேனரின் சுருள்முடி பொன்னிறப் பொய்முடிக்குள் மறைக்கப்பட்டது. இறுக்கி வாரிக் கொண்டை போட்ட அந்த முடி, நகரத்துப் பெண்ணின் கத்தரித்த கருங்கூந்தலுக்கு நேர் எதிர்.

எழுத்து அட்டைகள் குறைவு. இருந்தவற்றிலும் ஒன்று படமாகவே ஆக்கப்பட்டது. மனைவியை மூழ்கடிக்கலாமே என்று நகரத்துப் பெண் கேட்கும் இடத்தில், எழுத்துகள் நீரில் கரைவதுபோல் உருகி வழிந்து கீழே இறங்குகின்றன.

டிராம் பயணம்

படத்தின் உயிர்நாடி சில நிமிடங்களே நீடிக்கும் டிராம் பயணம் எனலாம். இந்தப் பாதை படத்துக்காகவே அமைக்கப்பட்டது. ஏரிக்கரையிலிருந்து நேரே நகர வீதிக்கு வெட்டிச் சென்றிருந்தால் செலவும் உழைப்பும் மிச்சமாகியிருக்கும், கதையும் புரிந்திருக்கும். ஆனால் அவள் மனம் மாறுவதற்கு நேரம் கிடைத்திருக்காது. வண்டிக்குள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. அவள் ஒடுங்கி நிற்கிறாள். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் அருகில் நிற்கிறான். சன்னலுக்கு வெளியே ஏரி மறைகிறது, மரங்கள் மறைகின்றன, ஆலை ஒன்று வருகிறது, பின் வீடுகள், பின் நகரம். கிராமம் எவ்வளவு பின்னால் போய்விட்டது என்பதைப் பார்வையாளர் தம் கண்ணாலேயே அளந்துகொள்கிறார்.

அதன் பிறகும் முர்னாவ் அவசரப்படவில்லை. உணவு விடுதியில் அவன் வாங்கிக் கொடுத்ததை அவளால் விழுங்க முடியவில்லை. பூ வாங்கிக் கொடுக்கிறான், அழுகிறாள். யாருக்கோ திருமணம் நடக்கும் தேவாலயத்துக்குள் நுழைகிறார்கள். மணமகனிடம் குரு கேட்கும் உறுதிமொழியைக் கேட்டதும் கணவன் உடைந்து அழுகிறான். அப்போதுதான் அவள் அவனை அணைக்கிறாள். இருவரும் தாங்களே புதுமணத் தம்பதியர்போல வெளியே வந்து நெரிசலான வீதியைக் கடக்கின்றனர். வாகனங்கள் மறைந்து அவர்களைச் சுற்றிப் பூத்த புல்வெளி தோன்றுகிறது. முத்தமிடுகின்றனர். மறுகணம் மீண்டும் வீதி. வண்டிகள் நின்று ஒலியெழுப்ப, நடுவில் இவர்கள் இருவரும்.

இதற்குப் பின்வரும் நகைச்சுவைக் காட்சிகள், குறிப்பாகக் குடித்துவிட்டு ஓடும் பன்றிக்குட்டி, சற்று நீண்டுவிட்டன. நகரத்துப் பெண்ணுக்குக் கெடுப்பதைத் தவிர வேறு குணமே கொடுக்கப்படவில்லை என்பதும் ஒரு குறைதான்.

வெளியீடு

படம் 1927 செப்டம்பர் 23 அன்று நியூயார்க்கில் வெளியானது. உரையாடல் இல்லையே தவிர, ஒலி இருந்தது. படச்சுருளின் ஓரத்திலேயே ஒலியைப் பதியும் மூவிடோன் முறையில் இசையும் சில ஓசைகளும் சேர்க்கப்பட்டிருந்தன. புயலுக்குப் பின் கணவன் ஏரியில் மனைவியைக் கூவி அழைக்கும்போது மனிதக் குரல் கேட்பதில்லை; ஊதுகொம்பு ஒன்றே அழைக்கிறது. அதே காட்சியரங்கில் படத்துக்குத் துணையாக முசோலினி பேசும் செய்திப்படமும் காட்டப்பட்டது. இரண்டு வாரம் கழிந்து அக்டோபர் 6 அன்று வார்னர் நிறுவனத்தின் 'ஜாஸ் சிங்கர்' வந்தது. திரையில் ஆட்கள் பாடிப் பேசுவதைக் கேட்க மக்கள் திரண்டனர். விமரிசகர்கள் பாராட்டியும், செலவுக்கு ஏற்ற வரவு 'சன்ரைஸ்' படத்துக்குக் கிடைக்கவில்லை.

1929 மே மாதம் நடந்த முதல் ஆஸ்கர் விழாவில் கலைநயமிக்க தனித்துவப் படத்துக்கான விருதை இது பெற்றது. அந்த விருது அவ்வொரு முறையோடு நிறுத்தப்பட்டது. ரோஷரும் ஸ்ட்ரஸும் ஒளிப்பதிவுக்கான விருதைப் பெற்றனர். ஜேனட் கேனர் இப்படத்தோடு மேலும் இரண்டு படங்களையும் சேர்த்துச் சிறந்த நடிகை விருது பெற்றார். அப்போது அவருக்கு வயது 22.

முர்னாவுக்குக் கொடுத்த உரிமையை நிறுவனம் சிறிது சிறிதாகத் திரும்ப எடுத்துக்கொண்டது. அடுத்து எடுத்த '4 டெவில்ஸ்' இன்று எங்குமே கிடைப்பதில்லை. மூன்றாவது படமான 'சிட்டி கேர்ள்' அவர் கையைவிட்டுப் போய், வேறு ஆட்களால் பேச்சுக் காட்சிகள் சேர்க்கப்பட்டு வெளிவந்தது. அவர் தென்கடல் தீவுகளுக்குச் சென்று 'டாபு' என்ற படத்தை எடுத்தார். அது திரைக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பு, 1931 மார்ச் 11 அன்று, கலிபோர்னியாவில் கார் விபத்தில் இறந்தார். வயது 42.

படச்சுருளின் கதி

1937 ஜூலையில் நியூ ஜெர்சி மாநிலத்தின் லிட்டில் ஃபெரியில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் படச்சுருள் கிடங்கு தீப்பற்றியது. அக்காலச் சுருள்கள் எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட்டால் ஆனவை. அந்நிறுவனத்தின் மௌனப்பட நெகட்டிவ்களில் பெரும்பகுதி அதில் அழிந்தது. 'சன்ரைஸ்' படத்தின் மூல நெகட்டிவும் அவற்றுள் ஒன்று. பிரெஞ்சு இதழான 'கையே து சினிமா' 1958இல் உலகின் தலைசிறந்த படமாக இதைத் தேர்ந்தபோது, அந்த விமரிசகர்கள் பார்த்தது எஞ்சிய பிரதிகளைத்தான். இன்று கிடைப்பவை இரண்டு வடிவங்கள். ஒன்று மூவிடோன் ஒலியுடன் கூடிய அமெரிக்க வடிவம். மற்றொன்று செக் நாட்டுப் படக்காப்பகத்தில் இருந்த ஒலியற்ற பிரதி. இது நீளத்தில் குறைவு, எழுத்து அட்டைகள் செக் மொழியில் உள்ளன.