பேர் மாறிப்போன நாடக அரங்கு

இன்னைக்கு ஒரே ஒரு படத்தைப் பத்திதான் பேசப் போறேன். 1647ல் அச்சான லண்டன் நகரக் காட்சி அது. ஆறு செப்புத் தகடுகள். அச்செடுத்த தாள்களை வரிசையா ஒட்டினா, தேம்ஸ் நதி பெரிசா வளைஞ்சு ஓடுறது தெரியும்.

பொதுவா பழைய ஐரோப்பிய நகரப் படங்களை நான் லேசுல நம்ப மாட்டேன். 1493ல் வந்த நியூரம்பர்க் வரலாற்று நூலையே எடுத்துக்குங்க. அதுல சுமார் 1,800 படங்கள் இருக்கு, ஆனா அதுக்கான மரக்கட்டைகள் 650கூட இல்லை. ஒரே கட்டையை வச்சு அச்சடிச்சிட்டு, பேரை மட்டும் மாத்தி வேற வேற ஊர்னு போட்டுட்டாங்க. 1616ல் லண்டனைச் செதுக்கின டச்சுக்காரர் விஸ்ஸர் லண்டனுக்கு வந்தாருங்கிறதுக்கே சான்று கிடையாது.

ஆனா 1647 படத்தைச் செஞ்ச வென்செஸ்லாஸ் ஹோலர் வேற ரகம். பிராக்ல 1607ல் பிறந்தவர், லண்டன்ல பல வருஷம் வாழ்ந்தவர். தென்கரையில, இன்னைக்கு சதர்க் கதீட்ரல்னு சொல்ற தேவாலயத்தோட கோபுரத்துல ஏறி, கண்ணால பார்த்து வரைஞ்சார். அப்புறம் உள்நாட்டுப் போர் வந்தது. ஊரை விட்டுக் கிளம்பி, ஆண்ட்வெர்ப்ல உட்கார்ந்து அந்த ஓவியங்களைத் தகட்டுக்கு மாத்தினார். தகட்டுல எல்லாமே இடம் வலமா மாறணும், எழுத்து உட்பட.

எங்கேயோ அந்த வேலைக்கு நடுவுல ஒரு தப்பு நடந்துபோச்சு. படத்துல வட்டமா ரெண்டு கட்டடம் இருக்கு. ஒண்ணுல குளோப்னு எழுதியிருக்கு, அதாவது ஷேக்ஸ்பியர் குழுவோட அரங்கு. இன்னொண்ணுல கரடிச் சண்டைக் கூடம். ரெண்டு பேரும் இடம் மாறிடுச்சு! கரடின்னு போட்ட கட்டடத்துக்குள்ளதான் மேடைக்கு மேல பெரிய கூரை தெரியுது. கரடிக்கு எதுக்குங்க மேடைக் கூரை?

இதுல எனக்கு மனசு கனக்குறது எங்கேன்னா, திருத்தலாம்னா கட்டடமே மிஞ்சலை. முதல் குளோப் 1613ல் நாடகம் நடக்கும்போதே பீரங்கிப் பொறி பட்டு எரிஞ்சது. அடுத்த வருஷமே அதே இடத்துல திரும்பக் கட்டினாங்க. ஹோலர் பார்த்தது இந்த ரெண்டாவதைத்தான். 1642ல் நாடகத்துக்குத் தடை வந்தது, சில வருஷத்துல அதையும் இடிச்சிட்டாங்க. 1666 தீயில எதிர்க்கரையும் போச்சு, 13,000க்கும் மேல வீடுகள். அப்போ ஊர் திரும்பியிருந்த ஹோலர், தீக்கு முன்னாடியும் பின்னாடியும் லண்டன் எப்படி இருந்ததுன்னு ஒரே தாள்ல மேலயும் கீழயுமா அச்சிட்டார். கீழ்ப் பாதியை நிதானமா பாருங்க, கூரையில்லாத சுவர்கள்தான்.

1997ல் குளோப்பைத் திரும்ப எழுப்பினப்போ, ஹோலரோட மூல ஓவியத்துல இருந்த அளவுகளும், 1989ல் தோண்டிக் கிடைச்ச அடித்தளத்துல ஒரு பகுதியும்தான் பெரிய துணை. இருபது பக்கம், சுமார் 100 அடி விட்டம்னு முடிவு பண்ணாங்க.

இந்தப் படத்தோட நகல் எங்கேயாவது மாட்டியிருக்கிறதைப் பார்த்தா, குளோப்னு எழுதியிருக்கிற இடத்துல நிக்காதீங்க. பக்கத்துல கரடிச் சண்டைக் கூடம்னு இருக்கும், அதைப் பாருங்க.